உள்ளே இருப்பவரைக் கேட்டுவிட்டு

தம்பி, நேற்று போனில் நீ கேட்டதற்கு "பார்க்கலாம்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்ததிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. துணிகளை மடித்தேன், மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன், பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த உன் தங்கை மலர், "நடந்துக்கினே இருக்காதம்மா, தலை சுத்துது. அண்ணன்கிட்ட சொல்ல நினைக்கிறத என்கிட்ட சொல்லு, நான் எழுதறேன்" என்று தாளும் பேனாவுமாக வந்துவிட்டாள். அதுவும் சரிதான். போனில் பேசினால் நீ நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு நீ சாப்பிட்டாயா என்று கேட்டு முடித்துவிடுவேன். அதனால் நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். நான் ஒன்று சொன்னால் அவள் அதைப் புத்தகத் தமிழாக மாற்றித்தான் எழுதுகிறாள். பதினொன்றாம் வகுப்பில் தமிழுக்கு அவள்தான் முதலாம். கடிதம் என்றால் யார் கையில் கிடைத்தாலும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்கிறாள். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், உன் பெரியப்பாவே படிக்கட்டும். ஒளித்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நீ கேட்டது இதுதான். உன் நிச்சயதார்த்தம் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளையில், பெண் வீட்டுப் பக்கத்து மண்டபத்தில். என்னுடைய செக்யூரிட்டி பயிற்சியின் கடைசித் தேர்வும் அதே ஞாயிறு காலையில்தான், சிதம்பரத்தில். "பரீட்சைய வுட்டுடும்மா. வேலையையும் வுட்டுடு. நான்தான் சம்பாதிக்கிறேன் இல்ல? பெரியப்பா வேற வருத்தப்படறாரு" என்றாய். நீ பாசத்தில்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சில் நீ சொன்னது எவ்வளவு, பெரியப்பா சொன்னது எவ்வளவு என்று பிரிக்க முடியாமல்தான் நேற்றிலிருந்து தவித்துக்கொண்டிருக்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும், இந்தப் பயிற்சி என்னவென்று தெரியாது. நீ ஓசூரில் இருக்கிறாய், நானும் போனில் "கிளாசுக்குப் போறேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். உன் அப்பா போன பிறகு கடலூரில் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்து, பெண்கள் பக்கத்து வாசலில் நில் என்றார்கள். புடவை மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். ஏஜென்சி மூலமாக வருகிற ஆட்களுக்கு எல்லாம் இருந்தது. ஏஜென்சி என்றால் அரசாங்கத்தில் உரிமம் வாங்க வேண்டும், அனுப்புகிற ஆளுக்குப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும், போலீஸ் விசாரித்திருக்க வேண்டும், உடம்பைச் சோதித்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியே நேரடியாக வைத்துக்கொண்ட எங்களைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. போன வருஷம் புது மேனேஜர் வந்தார். ஏஜென்சி ஆட்களுக்கு உள்ளதெல்லாம் நேரடி ஆட்களுக்கும் வேண்டும், சர்ட்டிபிகேட் வாங்கியவர்கள் வாசலில் நிற்கலாம், வாங்காதவர்கள் இடத்துக்கு ஏஜென்சியில் ஆள் எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை காலம் நின்ற வாசலில் நிற்க எனக்கு ஒருவர் கற்றுத்தர வேண்டுமா என்று மலரிடம் கத்தினேன். அவள், "கத்துக்கிட்டா என்னம்மா குறைஞ்சுபோவ?" என்றாள்.

முதலில் உடல் தகுதி பார்த்தார்கள். உயரம் அளக்கும்போது கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். கொண்டையையும் சேர்த்துத்தான் நான் உயரம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, ஒரு மயிரிழையில் தப்பித்தேன். நிறங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்று, வண்ண வண்ணப் புள்ளிகள் இருந்த படத்தைக் காட்டி என்ன எண் தெரிகிறது என்றார்கள். அடுத்தது போலீஸ் விசாரணை. ஸ்டேஷனிலிருந்து ஒருவர் பைக்கில் நம் மேல்பட்டாம்பாக்கத்துக்கு வந்து என் பெயரைச் சொல்லி வீடு கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், தெருவே கூடிவிட்டது. பால்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். உன் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "இன்னா சார் கேஸு? எங்க வூட்டுப் பொண்ணு சார், அதிர்ந்து பேசாது. யாரோ வேணும்னு பெட்டிஷன் போட்டிருக்கானுங்க" என்று மூச்சு வாங்கினார். வந்தவர் சிரித்துவிட்டார். "கேஸு இல்லன்னு எழுதத்தான்யா வந்திருக்கேன்" என்றார். அன்றைக்கு எனக்காக அத்தனை பேர் முன்னால் பேசியவர் உன் பெரியப்பா. அதை நான் மறக்கவில்லை, நீயும் மறக்காதே. அப்பா இல்லாத பிறகு உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டவரும் அவர்தான். இனி நான் சொல்லப்போவதை இதையும் மனதில் வைத்துக்கொண்டு படி.

இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் படிக்கத் தெரிய வேண்டும் என்பது விதி. வாசலில் நிற்கிறவர் ஓர் அடையாள அட்டையைக் கையில் வாங்கினால், அதில் இருக்கும் பெயரும் நீட்டியவர் சொல்லும் பெயரும் ஒன்றா என்று பார்க்கத் தெரிய வேண்டுமே. இத்தனை நாளாக நான் அட்டையை வாங்கி, போட்டோவையும் முகத்தையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மலர்தான் சொல்லிக்கொடுத்தாள். பிஸ்கட் பாக்கெட், சோப்பு உறை, கேஸ் சிலிண்டர், எதைப் பார்த்தாலும் படிக்கச் சொன்னாள். கடலூர் பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போவேன். ஒருநாள் வாய்விட்டுப் படித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்துவிட்டு மெல்ல ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்தார்கள். இந்த இடத்தில் மலர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள். எழுதுடி.

சிதம்பரத்து வகுப்பில் நான்தான் மூத்தவள். மற்றவர்கள் பெரும்பாலும் உன் வயதுப் பையன்கள். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். நீ கடைசி பெஞ்சில் உட்காருவாய் என்று உன் வாத்தியார் என்னைக் கூப்பிட்டுக் குறை சொன்னது ஞாபகம் வந்தது. பாடம் எடுப்பவர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மேடம். முதல் நாளே சொன்னார்: "காக்கி ஆசை இருந்தா இன்னிக்கே வுட்டுடுங்க. நீங்க போலீஸ் கிடையாது, போலீஸ் மாதிரி தெரியவும் கூடாது. யாரையும் அடிக்கக்கூடாது, ரூம்ல போட்டுப் பூட்டக்கூடாது. பாக்கணும், நிறுத்தணும், கேக்கணும், தகவல் சொல்லணும். உங்களுக்கு இருக்கிறது அவ்வளவுதான்." எனக்குச் சப்பென்று போய்விட்டது. இவ்வளவு சின்ன அதிகாரத்துக்கா இவ்வளவு பாடம் என்று தோன்றியது. போகப் போகத்தான் தெரிந்தது, கையில் அதிகாரம் இல்லாதவருக்குத்தான் பாடம் அதிகம் வேண்டும். எந்தத் தீக்கு எந்தத் தீயணைப்புச் சிலிண்டர், மயங்கியவரை எப்படிப் புரட்டுவது, கூட்டம் தள்ளும்போது எந்தப் பக்கம் கதவைத் திறப்பது, பார்த்த ஆளை மறுநாள் எப்படி அடையாளம் சொல்வது என்று தினமும் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்து மலரிடம் ஒப்பிப்பேன். அவள் கேள்வி கேட்பாள்.

ஒருநாள் ஒத்திகை வைத்தார்கள். வகுப்பறைக் கதவுதான் ஆஸ்பத்திரி வாசல், நான் காவல். தேவனாம்பட்டினத்திலிருந்து வருகிற முருகையன் என்று ஒருவர், ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், ஏற்கெனவே ஒரு நகைக்கடையில் நிற்பவர், அவரைப் பார்வையாளராக நடிக்கச் சொன்னார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? யாரோ ஒருவருடைய ஹெல்மெட்டைக் கவிழ்த்து, அதில் நாலு நோட்டுப் புத்தகத்தை அடுக்கி, சீர்த்தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். "யக்கா, வழி வுடுங்க. கொழந்தைக்குத் தாய்மாமன் வந்திருக்கேன்!" என்றார். நான் "வாங்க வாங்க" என்று கதவை விரியத் திறந்துவிட்டேன். வகுப்பே கைதட்டிச் சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "தாய்மாமன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்காம்மா?" என்றார். "அப்படித்தான சொன்னாரு மேடம்" என்றேன். "அவரு சொல்லுவாரு. பெத்துப் படுத்திருக்கிற பொண்ணு சொன்னுச்சா?" என்று கேட்டார். நம் பக்கத்தில் தாய்மாமன் என்று சொன்னால் எந்த வாசலும் திறக்கும். சித்தப்பா, மச்சான், மாமா என்று உறவைச் சொன்ன பிறகு நிறுத்திக் கேட்பது அவமரியாதை. நான் மட்டுமில்லை, அன்று வாசலில் நின்றவர்கள் எல்லோருமே உறவு சொன்னவரை விட்டுவிட்டார்கள். முருகையனும் தன் முறை வந்தபோது "மச்சான்" என்ற ஒரு வார்த்தைக்குக் கதவைத் திறந்துவிட்டார். மேடம் பலகையில் எழுதிப்போட்டார்: வெளியே நிற்பவர் சொல்லும் உறவு போதாது, உள்ளே இருப்பவரைக் கேட்டுவிட்டு விடு.

அதற்கு அடுத்த வாரம் பிரசவ வார்டுப் பக்கம் எனக்கு டூட்டி. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பழப் பையோடு வந்தார். "என் தம்பி பொண்டாட்டி உள்ள இருக்குது" என்றார். நல்ல மரியாதையான ஆள், கையெடுத்துக் கும்பிட்டார். முன்பென்றால் நானே வழி காட்டியிருப்பேன். அன்றைக்கு "ஒரு நிமிஷம் உக்காருங்க சார்" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போன் போட்டேன். நர்ஸ் போய்க் கேட்டுவிட்டு வந்து, "வேணாம்னு சொல்லுதுக்கா. பேரைக் கேட்டதுமே கொழந்தைய எடுத்து மடியில வச்சிக்கிச்சு" என்றாள். நான் போய், இப்போது பார்க்க முடியாது சார் என்றேன். அந்த மரியாதையெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "எங்க வூட்டுப் பொண்ணைப் பார்க்க நீ யாருடி பர்மிஷன் குடுக்கறதுக்கு?" என்று கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கக் கத்தினார். கை ஓங்கக் கூடாது, பதிலுக்குக் கத்தக் கூடாது, வழியையும் விடக் கூடாது. மேனேஜருக்குத் தகவல் சொல்லிவிட்டு நின்ற இடத்தில் நின்றேன். ஆட்கள் வந்ததும் பழப் பையை என் காலடியில் எறிந்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெண் யார், என்ன பிரச்சினை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் முகத்தையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் வேண்டாம் என்று சொன்னது வாசல் வரைக்கும் வந்து எடுபட்டது. அன்றைக்குத்தான் தம்பி, இந்தச் சர்ட்டிபிகேட்டை நான் எனக்காகவே வாங்க வேண்டும் என்று நினைத்தேன்.

இதற்குப் பிறகுதான் பெரியப்பா விஷயம். அவருடைய சம்பந்தி குடல்வால் ஆபரேஷன் முடிந்து எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். காலைப் பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு பெரியப்பா நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "நம்ம பொண்ணுதான் வாசல்ல நிக்குது, வாங்க" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தது என் காதில் விழுந்தது. நான் எழுந்து நின்று, "உக்காருங்க மாமா, வார்டுல கேட்டுச் சொல்றேன்" என்றேன். "இன்னாத்த கேக்கப்போற? நானு யாருன்னு தெரியலியா உனக்கு?" என்றார். "தெரியறதாலதான் மாமா உக்காரச் சொல்றேன்" என்றேன். கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார், அதுதான் வினை. வார்டில் கேட்டால் அந்தச் சம்பந்தி, "அவரு வந்தா பேசிக்கினே இருப்பாரு, தையல் வலிக்குது. சாயந்தரம் வரச் சொல்லும்மா" என்றாராம். இதை நான் எப்படி அவரிடம் சொல்வது? ஓய்வு எடுக்கிறார், சாயந்தரம் வாங்க என்று சொன்னேன். பெரியப்பா விறுக்கென்று திரும்பிப் போனார். தெருவுக்கு வந்த பிறகுதான் பேசியிருக்கிறார். "வூட்டுப் பொம்பள பேன்ட்டு போட்டுக்கினு வாசல்ல நின்னு சொந்தக்காரனையே நிறுத்துது. நாளைக்குக் கிள்ளைக்காரங்க இன்னா நெனைப்பாங்க?" என்றாராம். காக்கி போய் நீலச் சட்டை, நீலப் பேன்ட் வந்தது பயிற்சியினால். அதையும் என் கணக்கில் சேர்த்துவிட்டார். அதற்கப்புறம்தான் உனக்குப் போன் போட்டிருக்கிறார், நீ எனக்குப் போட்டாய்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடியும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றப்போவது யார்? பெரியப்பாவும் பெரியம்மாவும். அப்பா இல்லாததால் தட்டை நான் தொடக்கூடாதாம், ஜோடியாக நிற்பவர்கள்தான் தொட வேண்டுமாம். இதை யாரும் என்னிடம் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. பெரியம்மா, "நீ பொம்பளைங்களோட பின்னாடி நின்னு பார்த்துக்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்று சொன்னதில் எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கும் தெரிந்திருக்கும். நீ ஒன்றும் சொல்லவில்லை. என் பரீட்சையை விட்டுவிட்டு நான் வர வேண்டும், வந்து பின்வரிசையில் நிற்க வேண்டும். இதைத்தான் தம்பி நீ நேற்று என்னிடம் கேட்டாய். நீ அப்படி நினைத்துக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். நினைக்காமல் கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மாக்கள் நிறைய புத்தி சொல்வார்கள். எனக்கு ஒன்றுதான் சொல்லத் தெரிகிறது. இனிமேல் உன் வீட்டு வாசலுக்கும் உறவைச் சொல்லிக்கொண்டு நிறைய பேர் வருவார்கள். கையெடுத்துக் கும்பிடுவார்கள், பழம் கொண்டு வருவார்கள், உனக்கு நல்லது என்று நிஜமாகவே நம்பிக்கொண்டும் வருவார்கள். அவர்களை உட்கார வை, தண்ணீர் கொடு. ஆனால் உன்னைக் கட்டிக்கொண்டு வருகிறவளுடைய விஷயத்தில் ஒன்று முடிவு செய்வதற்கு முன்னால் அவளைக் கேள். அவள் எங்கே வேலைக்குப் போகலாம், யாரோடு பேசலாம், என்ன உடுத்தலாம் என்று உன்னிடம் வந்து சொல்பவர் நானாகவே இருந்தாலும், "ஒரு நிமிஷம் உக்காரும்மா, கேட்டுட்டு வரேன்" என்று சொல். நான் கோபித்துக்கொள்வேன். பெரியப்பா மாதிரி விறுக்கென்று திரும்பிப் போனாலும் போவேன். அப்போதும் கேட்டுவிட்டே சொல்.

ஞாயிற்றுக்கிழமை நான் தேர்வுக்குப் போகிறேன். இந்த வகுப்பை விட்டால் அடுத்தது எப்போது என்று மேடத்துக்கே தெரியவில்லை, மேனேஜர் அதுவரை என் இடத்தைக் காலியாக வைத்திருக்க மாட்டார். காலையில் எழுத்துத் தேர்வு, அது முடிந்ததும் தீயணைப்பு ஒத்திகை, மத்தியானத்துக்குள் விட்டுவிடுவார்கள். சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்கு வர எவ்வளவு நேரமாகும், சாப்பாட்டுப் பந்திக்கே வந்துவிடுவேன். மலரிடம் நாள்காட்டியில் அந்தத் தேதித் தாளைப் பார்க்கச் சொன்னேன். காலையில் ஒரு நல்ல நேரம் போட்டிருப்பதைப் போலவே சாயந்தரமும் ஒன்று போட்டிருக்கிறது. மலர் அதைச் சத்தமாக இரண்டு முறை படித்தாள், எனக்குக் காது கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ. பெண் வீட்டாரிடம் நீ ஒரு வார்த்தை சொன்னால் தட்டு மாற்றுவதைச் சாயந்தரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நானே போன் போட்டுக் கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டியவள் நான் இல்லை.

நீ முடியாது என்றால் சண்டை போட மாட்டேன். அப்போதும் தேர்வை முடித்துவிட்டு வருவேன், பின்வரிசையில் நிற்பேன், எல்லோருக்கும் பரிமாறுவேன், பெண்ணின் தலையைத் தொட்டு வாழ்த்திவிட்டு வருவேன். திங்கட்கிழமை டூட்டிக்கும் போவேன். அதற்காக நீ பயப்படாதே. பெரியப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டினாலும் காட்டு. ஆனால் பதிலை அவரைக் கேட்டுச் சொல்லாதே, பெரியம்மாவைக் கேட்டும் சொல்லாதே, எனக்கு எது சந்தோஷம் என்று யோசித்தும் சொல்லாதே. அன்றைக்கு உள்ளே இருக்கப்போகிறவன் நீ.

பட்டுப்புடவையைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். யூனிஃபார்மை மலர் தேய்த்து மாட்டியிருக்கிறாள். எதிரெதிரே ஒன்று தொங்குவதையும் ஒன்று கிடப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிள்ளை மண்டபத்து வாசலில் நீலச் சட்டையும் கையில் பையுமாக நான் வந்து இறங்கும்போது யாராவது ஒருவர் உன்னிடம் ஓடிவந்து கேட்பார். அதை நான் இப்போதே கேட்டுவிடுகிறேன். வாசலில் ஒருத்தி நிற்கிறாள். உன்னைப் பெற்றவள் என்று சொல்கிறாள். உன் தட்டை நான்தான் பிடிப்பேன் என்கிறாள்.

விடலாமா?